வட ஆற்காட்டின் கடைசி சிரஸ்தார்

ஒரு மாவட்டத்தையே தனி ஆளாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த மனிதரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த மாவட்டம் இல்லாமல் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது என்பது ஒன்றுதான் சிக்கல்.

எண்பத்தொன்பதில் வட ஆற்காட்டை இரண்டாகப் பிரித்து எங்கள் திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கினார்கள். இந்தச் சேதியைச் சிரஸ்தாரிடம் எத்தனையோ பேர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார்கள். அவர் நம்பவில்லை. "எனக்குத் தெரியாம மாவட்டத்த பிரிச்சிடுவாங்களா? ஃபைலு என் டேபிளுக்குத்தானே வந்திருக்கணும்" என்பார். அதற்கு மேல் அவரிடம் யாரும் பேச முடியாது.

சிரஸ்தார் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது. கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் பெரிய குமாஸ்தா. கலெக்டர்கள் வருவார்கள், மாறிப் போவார்கள். சிரஸ்தார் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். நம்மாள் வேலூரில் அந்த நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதையும் அவர் நம்பவில்லை.

அப்போது நான் வேங்கிக்கால் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நிர்வாகி. நிர்வாகி என்று போர்டில் போட்டிருந்தது. கக்கூஸ் அடைத்துக்கொண்டால் குச்சியோடு ஓடுவதும் நான்தான். இல்லத்துக்கு முன்கட்டு, பின்கட்டு என்று இரண்டு பகுதி. முன்கட்டுக்காரர்களுக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது, அதனால் ஓயாத சண்டை. பின்கட்டில் இருந்த எட்டுப் பேருக்கும் மறதி நோய். டிமென்ஷியா என்ற வார்த்தையை எங்கள் ஊர் அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது.

பின்கட்டைப் பார்த்துக்கொண்டவள் அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வரும் செல்வி. புதன்கிழமை தோறும் வரும் டாக்டர், "அவங்க சொல்றத மறுத்துப் பேசாதீங்க, அவங்க எந்தக் காலத்துல இருக்காங்களோ அங்க நீங்க போங்க" என்று எங்களுக்கு வகுப்பெடுத்தார். செல்வி அதை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருந்தாள். "ஆமா போட்டுட்டுப் போனா இன்னா சார், வாயா வலிக்கப் போவுது?" என்பாள். அவரவர் கதவில் அவரவருக்குத் தெரிந்த சாமான் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டதும் அவள்தான். ஒரு கதவில் சைக்கிள் மணி, ஒரு கதவில் பித்தளைச் சொம்பு. நம்பர் மறந்து போனவர்களும் சொம்பைப் பார்த்துத் தங்கள் அறைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

சிரஸ்தார் எங்களிடம் வந்த கதை தனிக்கதை. தேரடிப் பக்கம் சொந்த வீட்டில் அவரும் மனைவி கோமளா அம்மாளும்தான் இருந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, கொடுத்த மனைவியையே நிமிர்ந்து பார்த்திருக்கிறார்.

"அம்மா, நீங்க யாருன்னு தெரியல. நல்ல குடும்பத்துப் பொம்பளையா இருக்கீங்க. என் சம்சாரம் வர்ற நேரம். தனியா இருக்கற வீட்ல உங்கள பாத்தா அவ மனசு இன்னா பாடுபடும்? கெளம்புங்க."

கையில் குடையையும் கொடுத்து வாசலில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். இது ஒரு நாள் கூத்தாக இருந்தால் பரவாயில்லை. வாரத்தில் நாலைந்து நாள் அந்த அம்மாள் எதிர்வீட்டுப் படியில் குடையோடு உட்கார்ந்திருந்தார். கட்டின பெண்டாட்டிக்கு இவ்வளவு விசுவாசமாக இருந்த மனிதரை நான் பார்த்ததில்லை. அந்த விசுவாசத்தாலேயே பெண்டாட்டி தெருவில் நின்றார். வேறு வழியில்லாமல் அவரை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

கோமளா அம்மாள் அன்றைக்கு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் யாருன்னு அவருக்குத் தெரியலன்னாலும் போவட்டும் சார். அந்த ரூம்லயே ஒரு ஓரமா நானும் இருந்துக்கறேன். அதுக்கு மட்டும் அவர ஒத்துக்க வைங்க." இல்லத்தில் தம்பதிகள் சேர்ந்து தங்க இடமுண்டு. நான் உடனே சரி என்றேன். சிரஸ்தார் ஒத்துக்கொள்ளவில்லை. அந்நிய ஸ்திரீ அறைக்குள் காலை வைத்தால் தான் வராண்டாவில் படுத்துக்கொள்வேன் என்று பாயைச் சுருட்டிவிட்டார்.

பம்பாயில் வேலை பார்த்த மகன் ரவி போனில் ஒரே பிடியாக இருந்தான். "அப்பாவுக்கு உன்னையே தெரியல. அங்க தனியா ஒக்காந்துக்கினு இன்னா பண்ணப் போற? கார்த்திகை தீபம் முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்." அவன் சொன்னதிலும் தப்பில்லை. அந்த அம்மாளுக்கு வயது அறுபத்தெட்டு, தேரடி வீட்டில் ஒற்றை ஆள். ஆக, தீபம் முடிவதற்குள் சிரஸ்தார் மனம் இரங்கவேண்டும், இல்லையென்றால் கோமளா அம்மாள் பம்பாய்க்கு ரயில் ஏறவேண்டும். நாற்பத்தாறு வருஷத் தாம்பத்தியம் அப்படி ஒரு தவணையில் வந்து நின்றது.

முதல் வாரத்தில் மட்டும் சிரஸ்தார் மூன்று தடவை வேலூர் ரோட்டில் நடையைக் கட்டினார். கேட்டால், ஜமாபந்தி நேரம், ஊர்க் கணக்கெல்லாம் தணிக்கைக்கு வரும், ஆபீஸ் போகவேண்டும். மூன்றாவது தடவை செல்வி மூச்சிரைக்க இழுத்துக்கொண்டு வந்தபோது எனக்கே வெறுத்துப் போயிற்று. ஆபீஸ்தானே வேண்டும், இந்தா என்று கேட்டுக்குப் பக்கத்தில் புங்கமரத்தடியில் ஒரு மேசை, நாற்காலி, பேப்பர்க்கட்டு, பச்சை மைப் பேனா எல்லாம் போட்டுக் கொடுத்தேன். அவர் மேசையைத் துண்டால் துடைத்தார். உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "ஜூனியர், தபால் எங்க?" என்றார். அன்றிலிருந்து நான் ஜூனியர். அன்றிலிருந்து அவர் வேலூர் ரோட்டுப் பக்கம் திரும்பவுமில்லை.

பின்கட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக மேசை முன்னால் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். ஜெயா டீச்சர் சொந்த ஊருக்கு டிரான்ஸ்ஃபர் கேட்பார். "வர்ற ஜூன்ல போட்டுடறேம்மா" என்பார் சிரஸ்தார். டீச்சர் நிம்மதியாகப் போய்ச் சாப்பிடுவார். மிலிட்டரிக்காரர் ஒருவர் தினமும் லீவு கேட்பார், தினமும் லீவு சாங்ஷன் ஆகும், சல்யூட் அடித்துவிட்டுத் தன் அறைக்கே திரும்பிப் போவார். வாரம் ஒரு மாத்திரை எழுதிக்கொண்டிருந்த டாக்டர் இதைப் பார்த்துவிட்டு இரண்டு பேருக்குத் தூக்க மாத்திரையைக் கம்மி பண்ணினார்.

இதோடு நின்றிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் எங்கள் இல்லத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நிஜமான கலெக்டர் ஆபீஸ் இருந்தது. திங்கட்கிழமை மனு நாள். எங்கள் கட்டடமோ அரசாங்க மஞ்சள் அடித்த பழைய கட்டடம். ஒரு திங்கட்கிழமை கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயி ஒருவர் ஒரு ஸ்டாப்பிங் முன்னாலேயே இறங்கியிருக்கிறார். மஞ்சள் கட்டடம், மரம், மேசை, மேசைக்கு முன்னால் வரிசை. வரிசையைப் பார்த்த பிறகு நம் ஜனங்கள் வேறு எதையும் விசாரிப்பதில்லை. அவரும் நின்றார்.

நான் பார்த்தபோது சிரஸ்தார் அவருடைய நாலு பக்க மனுவைப் படித்து முடித்திருந்தார்.

"உங்க தாத்தா கத, பங்காளி சண்ட, பசு மாடு செத்தது, இதெல்லாம் எதுக்குய்யா? உனக்கு இன்னா வேணும்?"

"பட்டால பேர் மாத்தணுங்க."

"அத மொதல் வரில சொல்லு. மீதிய பங்காளிகிட்ட சொல்லு."

ஏழே வரியில் வேறு மனு எழுதிக் கொடுத்தார். மார்ஜின் விட்டு, சர்வே நம்பர் போட்டு, இணைப்புகளை வரிசைப்படுத்தி அப்படி ஒரு மனு. மேலே விலாசம் மட்டும் 'மாவட்ட ஆட்சியர், வட ஆற்காடு, வேலூர்'. நான் அந்த மனிதர் பின்னால் கேட்டு வரை ஓடி, வேலூரை அடித்துத் திருவண்ணாமலை என்று எழுதி, அசல் ஆபீஸைக் கையைக் காட்டி அனுப்பினேன். அடுத்த மாதம் வாழைப்பழச் சீப்போடு வந்து நின்றார். பட்டா மாறிவிட்டதாம். ஊரெல்லாம் சொல்லியும் விட்டாராம். அடுத்த திங்கட்கிழமை புங்கமரத்தடியில் பதினோரு பேர்.

"நான் ஜெயிலுக்குத்தான் போகப் போறேன்" என்றேன் செல்வியிடம்.

"நானும் வரேன் சார். அங்க சமையல் நல்லா இருக்காதாம்" என்றாள் அவள்.

வாழைப்பழத்தைச் சிரஸ்தார் தொடவில்லை. "வேலைக்கு முன்னாடி குடுத்தா லஞ்சம், பின்னாடி குடுத்தா நன்றி. ரெண்டும் ஒரே பழந்தான், எடுத்துக்கினு போ" என்றுவிட்டார். இதே சட்டம்தான் கோமளா அம்மாளுக்கும். தினமும் பதினோரு மணிக்கு அதிரச டப்பாவோடு அந்த அம்மாளும் வரிசையில் நிற்பார். முறை வரும். சிரஸ்தார் கை நீட்டி மனு கேட்பார். "மனு இல்லீங்க, அதிரசம்" என்பார் அவர். "ஜூனியர், இந்தம்மாவ பாத்து அனுப்பு" என்று உத்தரவாகும். நான் டப்பாவை வாங்கிச் செல்வியிடம் கொடுப்பேன். அவள் அதை இல்லத்துத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் சிரஸ்தார் இரண்டு போடு போடுவார். "கேன்டீனுக்குப் புதுசா ஆள் வந்திருக்கா போல. கைப்பக்குவம் ஜாஸ்தி" என்பார். மரத்துக்குப் பின்னால் நின்று அந்த அம்மாள் அதைக் கேட்டுக்கொண்டு போவார்.

தீபம் நெருங்கிற்று. செல்விதான் அந்த யோசனையைச் சொன்னாள். "ஊரே மனு குடுக்குது, இந்தம்மா மட்டும் அதிரசத்த நீட்டிக்கினு நிக்குது. இவங்களும் ஒரு மனு குடுக்கட்டுமே சார்."

நல்ல யோசனைதான். ஆனால் அதில் ஒரு பெரிய தடங்கல் இருந்தது. கோமளா அம்மாள் புருஷன் பேரைச் சொல்லமாட்டார். அந்தத் தலைமுறையில் யார்தான் சொன்னார்கள் என்பீர்கள். இவர் பாடு இன்னும் மோசம். சிரஸ்தாரின் பெயர் அண்ணாமலை. வாழ்ந்த ஊரோ திருவண்ணாமலை. பஸ்ஸில் கண்டக்டர் எங்கே என்று கேட்டால் "தீபம் ஏத்தற ஊருக்கு ஒண்ணு குடுப்பா" என்பார். செல்வியின் ஊரைக் கேட்டால் "மலைக்குப் பின்னாடி இருக்கே, அந்த ஊரு". கோயிலில் ஊரே சாமி பேரைச் சொல்லி அரோகரா போடும்போது இவர் அரோகரா மட்டும் போடுவார். நாற்பத்தாறு வருஷம் புருஷன் பேரையும், ஊர் பேரையும், மலை பேரையும், சாமி பேரையும் வாயில் வராமல் காப்பாற்றிய மனுஷி அவர். எழுதவும் மாட்டார்.

தீபம் முடிந்த திங்கட்கிழமை. மலைமேல் ஏற்றிய தீபம் பதினோரு நாள் எரியும், அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ரவி பம்பாயிலிருந்து வந்துவிட்டான், சட்டைப்பையில் இரண்டு டிக்கெட். அம்மா அப்பாவிடம் விடைபெறத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நின்றான். கோமளா அம்மாளோ வரிசையில் ஜெயா டீச்சருக்கும் மிலிட்டரிக்காரருக்கும் நடுவில், கையில் ஒரு தாளோடு நின்றார்.

சிரஸ்தார் தாளை வாங்கினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"மனுதாரர் பேர் கோமளா. ம். என் சம்சாரம் பேரும் அதான்." மேலே படித்தார். "கணவர் பேர் காலியா இருக்கு. ஊர் பேரும் காலியா இருக்கு. இது மனுவாம்மா, விடுகதையா?"

"சார், நான் எழுதிடறேன்" என்று பேனாவை எடுத்தேன்.

"நீயா மனுதாரர்? நாளைக்கு எவனாவது வந்து நான்தான் புருஷன்னு நின்னா யார் பதில் சொல்றது? அவங்க வாயால சொல்லட்டும். அதுக்குப் பேருதான் வாக்குமூலம்."

கோமளா அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். ரவி மெதுவாக, "பேர்தானேம்மா, சொல்லிடு. இல்லன்னா வா போலாம்" என்றான். அந்த அம்மாள் மகனைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். முந்தானையை வாயருகே கொண்டுபோனார்.

"அண்ணாமலை" என்றார்.

"காதுல விழல."

"அண்ணாமலைங்க. எங்க வீட்டுக்காரர் பேரு அண்ணாமலை."

இரண்டாவது தடவை சொன்னது ரோடு வரை கேட்டது. சொல்லிவிட்டு முகம் சிவந்து, சிரித்துக்கொண்டே அழுதார். நான் சிரஸ்தார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது அசையும் என்று நினைத்தேன். ஒன்றும் அசையவில்லை. யாரோ ஒருவர் பேரை எழுதுகிற மாதிரி தன் பேரைக் கட்டத்துக்குள் அழகாக எழுதினார். எனக்கு மனசு விட்டுப் போயிற்று.

"கணவருக்கு மறதின்னு எழுதியிருக்கீங்க. கூட இருந்து இன்னா செய்யப் போறீங்க?"

"பெருசா ஒண்ணும் இல்லீங்க. சட்டை பட்டன மாத்திப் போட்டுக்குவாரு. அத சரி பண்ணி விடுவேன். மத்தியானத்துல தண்ணி குடிக்க மறந்துடுவாரு. பக்கத்துல இருந்தா எடுத்துக் குடுக்கலாம்."

சிரஸ்தார் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பட்டன் ஒன்று மாறித்தான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அதைச் சரிசெய்தார். பிறகு பச்சைப் பேனாவைத் திறந்தார்.

'மனுதாரரின் கோரிக்கை நியாயமானது. அவர் மனுவில் கண்டபடி தம் கணவருடன் பின்கட்டு நாலாம் எண் அறையில் தங்கியிருக்க இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது. மறு உத்தரவு வரும்வரை இது அமலில் இருக்கும்.'

கையெழுத்தைப் போட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. "நாலாம் நம்பரா? அது என் ரூமாச்சே."

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரஸ்தார் தாளைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார், திரும்பத் தாளைப் பார்த்தார்.

"சரி. உத்தரவு போட்டாச்சு. போட்ட கையால நானே அழிச்சா ஆபீஸு எப்படி நடக்கும்? ரூம்ல எடம் இருக்குது. இருந்துக்குங்க. அந்த மனுஷனும் உள்ளதான் எங்கியாவது இருப்பாரு."

ரவி முன்னால் வந்தான். "சார், டிக்கெட் எடுத்தாச்சு. அம்மாவ நான் கூட்டிட்டுப் போகணும்."

"நீ யாருப்பா?"

"அவங்க பையன்."

"உத்தரவுல ஆட்சேபணை இருந்தா முப்பது நாளைக்குள்ள அப்பீல் பண்ணிக்கலாம்" என்றார் சிரஸ்தார். "வேலூருக்குப் போ."

ரவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவன் குனிந்து அப்பாவின் காலைத் தொட்டான். "ஆபீஸ்ல இதெல்லாம் கூடாது" என்று சிரஸ்தார் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். ரவி தனியாகத்தான் ரயில் ஏறினான்.

மறுநாள் காலையில் சிரஸ்தாருக்கு எல்லாம் மறந்து போயிருந்தது. "யாரும்மா நீங்க?" என்று பாயைச் சுருட்டத் தொடங்கினார். கோமளா அம்மாள் உத்தரவை நீட்டினார். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கையெழுத்து என்னுதுதான். இருங்க" என்று பாயைத் திரும்பப் போட்டார். மூன்று வருஷம், தினமும் இப்படித்தான் அவர்களுக்கு விடிந்தது. தாள் நைந்து போகவே நான் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தேன்.

மனைவி என்று அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை. ஆனால் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து மரத்தடியில் உட்கார்ந்தால், கூட இருக்கிற அந்த அம்மாளிடம் தன் சம்சாரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். "கோமளான்னு பேரு. கொஞ்சம் கோவக்காரி. ஆனா தங்கம். நான் ஆபீஸு ஆபீஸுன்னு இருந்துட்டேன், ஒரு நாள் மொகம் சுளிச்சதில்ல. அவகிட்ட இதெல்லாம் சொன்னதே இல்லம்மா. சொல்லணும். வந்தான்னா உங்களுக்கும் காட்டறேன்." கோமளா அம்மாள் ஒன்றும் தெரியாதவர் மாதிரி, "அப்பறம்?" என்பார்.

ஒரு நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. தனியாகக் கூப்பிட்டு, "நீங்கதான் அந்தக் கோமளான்னு சொல்லிட வேண்டியதுதானேம்மா?" என்றேன்.

"ஐயோ, வேணாம் சார்" என்றார் அவர். "நாப்பத்தாறு வருஷம் கழிச்சு இப்பதான் வாயத் தெறந்திருக்காரு. நான்தான்னு தெரிஞ்சா வெக்கப்பட்டுக்கினு நிறுத்திடுவாரு."

அன்று சாயங்காலம் நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சிரஸ்தார் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த மனிதர் வாயால் அந்தக் கோமளாவைப் பற்றி எனக்கும் கொஞ்சம் கேட்கவேண்டும் போல இருந்தது.